மாக்களும் மக்களும்: தமிழ்க் கற்பனைக் காடுகளில் நிலம், ஏதம், மாந்தர்

முன்னுரை

இலக்கியத்தில் இடம்பெறும் கற்பனைக் காடு மூன்று கூறுகளால் அமைகிறது. வழக்கமான நிலத்திலிருந்து வேறுபட்ட நிலவமைப்பு முதலாவது. அங்குச் செல்வோர்க்கு நேரும் ஏதம் இரண்டாவது. அந்நிலத்தில் வாழ்வோராகச் சொல்லப்படும் மாந்தர் மூன்றாவது. இம்மூன்றனுள் மூன்றாவது கூறே ஒரு கற்பனைக் காட்டின் தரத்தை உறுதிசெய்கிறது என்பதும், அம்மாந்தர்க்கு மொழி உண்டு எனப் படைப்பாளன் ஒப்புக்கொள்கிறானா என்பதே அதனை அறியும் உரைகல் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். மலைபடுகடாம், மணிமேகலையின் ஆதிரை பிச்சையிட்ட காதை, கலிங்கத்துப்பரணியின் காடு பாடிய பகுதியும் பேய்களைப் பாடிய பகுதியும் ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டுள்ளன. அந்தமான் தீவுகளைப் பற்றிப் பிறமொழியாளர் எழுதியவை ஒப்பீட்டிற்குத் துணையாகின்றன.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு மாணவியின் வினா. தென் அந்தமானில் டாலிகஞ்ச் பகுதியில் தங்கியிருந்த காலத்தில், அங்குள்ள தமிழ் மாணவர் சிலர்க்கு மணிமேகலையைப் பாடஞ்சொல்லும் வாய்ப்பு இக்கட்டுரையாளர்க்குக் கிட்டியது. சாதுவன் கதையைக் கேட்டு முடித்த மாணவி ஒருவர், “ஐயா, அந்த நாகர் என்பவர்கள் நம் ஜாரவாக்கள்தாமா?” என்று கேட்டார். சில உரை நூல்களிலும் வழிகாட்டிகளிலும் காணப்படும் குறிப்பே அவரை அவ்வாறு கேட்க வைத்தது. அவ்வினாவிற்கு ‘ஆம்’ என்றோ ‘அன்று’ என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க இயலவில்லை. ‘ஆம்’ என்று கூறினால், வாழும் மக்கட் குழு ஒன்றின்மீது மனித ஊன் தின்னும் பழியைச் சுமத்தியவராவோம். ‘அன்று’ என்று மட்டும் கூறி நகர்ந்தால், அக்காதை சொல்ல வந்ததை இழந்தவராவோம்.

டாலிகஞ்ச் என்னும் இடம்

டாலிகஞ்ச், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி. ‘கஞ்ச்’ என்னும் ஈறு வடபுலத்தில் சந்தை, குடியிருப்பு என்னும் பொருளில் வழங்குவது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் தீவு மையமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் வட்டார மையமும் இங்கு அமைந்துள்ளன. பின்னது தீவுப் பழங்குடியினரின் உடல்நலம் குறித்தும் ஆய்வு நிகழ்த்தி வருவது. இவ்வூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியைக் கடந்து ஜாரவா மக்களின் ஒதுக்கக் காட்டிற்குள் நுழைகிறது. அங்கு ஊர்திகள் காவலுடன் அணியாகவே செல்லவேண்டும். இடையில் நிறுத்தலும் படம் எடுத்தலும் கூடா.

ஆகவே டாலிகஞ்சில் அமர்ந்து காட்டைப் பற்றிய இலக்கியத்தைப் படிப்பது, மதுரையிலோ சென்னையிலோ அமர்ந்து படிப்பதினும் வேறானது. இங்கே காடு உவமை அன்று. சாலையின் மறுகோடியில் இருப்பது.

வழி சொல்லும் காடு

கற்பனைக் காட்டை மதிப்பிடுமுன் கண்டறிந்த காட்டைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு பாடினர் என நோக்குதல் தகும். கூத்தராற்றுப்படை எனவும் பெயர்பெறும் மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனது மலைநாட்டு வழியை விரிக்கிறது. பெருங்கௌசிகனார் ஏதங்களை மறைப்பதில்லை. தினைப்புனத்தில் பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள; எனவே விடிந்தபின் செல்க என்கிறார். புனங்காப்போர் எறியும் கவண்கற்கள் உள. மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்க என்கிறார். வழுக்கும் கான்யாற்று நடவைகள் உள. கொடிகளைப் பற்றி நடக்க என்கிறார். இவை ஒவ்வொன்றும் ஏதமும் அதற்குரிய காப்பும் என இணைந்தே வருகின்றன.

இவ்வேதங்களுள் பல, அந்நிலத்து மக்களின் தொழிலால் விளைந்தவை என்பது கருதத்தக்கது. கற்பொறியும் கவண்கல்லும் வழிப்போக்கரைக் குறித்தவை அல்ல. விளைச்சலைக் காக்க அமைந்தவை. எனவே அக்காட்டில் அஞ்சத்தக்கது மாந்தரின் கொடுமை அன்று. அவர்தம் வாழ்முறையை அறியாத நம் அறியாமையே. அறியாமைக்கு மருந்தும் அங்கேயே உண்டு. வழி தப்பினால் இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்க, கானவர் வந்து வழிகாட்டுவர் என்கிறது பாட்டு. குறவர் சிற்றூரை அடைந்தால் தலைவனது பெயரைச் சொல்லி அவனுடைய கூத்தர் யாம் எனக் கூறுக, தம் மனை புகுவது போலப் புகலாம் என்கிறது. ஒலியும் சொல்லுமே இங்குக் கடவுச்சீட்டு. இதனையே பின்வரும் கற்பனைக் காடுகளை அளக்கும் அளவுகோலாகக் கொள்ளலாம்.

சாதுவன் கண்ட மலை

மணிமேகலையில் வரும் நாகர் மலை முழுதும் அறியப்படாத நிலம். பொருளையெல்லாம் கணிகையிடத்தும் சூதிலும் இழந்த சாதுவன், வணிகருடன் வங்கம் ஏறுகிறான். கலம் உடைகிறது. ஒடிந்த மரத்தைப் பற்றி, ஆடையின்றித் திரியும் நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைகிறான். களைப்பினால் மரநிழலில் துயில்கின்றான். அவனைக் கண்ட நாகர் உணவாயிற்று எனக் கருதி எழுப்புகின்றனர். இதுவரை இக்கதை உலகில் எங்கும் வழங்கும் கடலோடிக் கதைகளின் அச்சில் வார்த்ததே. அடுத்து வரும் செய்தியே வேறுபாட்டைத் தோற்றுவிக்கிறது. சாதுவன் அவர்தம் மொழியை ஐயமறக் கற்றவன். அவன் பேசியவுடன் அவர்கள் விலகி நின்று தொழுது உரையாடித் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர்.

அவனை உயிர்பிழைக்கச் செய்தது வாளோ மந்திரமோ தெய்வத்தின் துணையோ அன்று, மொழி. மணிமேகலை தெய்வங்கள் அடிக்கடி தோன்றித் துணைபுரியும் காப்பியம். இதே காதையில் ஆதிரையைத் தீ சுடாதிருப்பதும் வானொலி அவளைத் தேற்றுவதும் உள. அத்தகைய காப்பியத்தில், கணவனது மீட்சிக்கு மட்டும் சாத்தனார் இயற்கை இகந்த துணையை நாடாமல் மொழியறிவை வைத்தமை தற்செயல் எனத் தோன்றவில்லை. வணிகன் ஒருவன் கடல் கடந்த மக்களின் மொழியைக் கற்றிருத்தல் இயல்பு என அவர் கருதியிருத்தல் வேண்டும். அதன் உட்பொருள், நாகர்க்குக் கற்கத்தக்க மொழி உண்டு என்பது.

இந்நாகர் மலையை நக்கவாரத்தோடு, அதாவது இன்றைய நிக்கோபாரோடு, இணைத்துக் காண்போர் உளர். முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி அவன் கடல்கடந்து கொண்ட இடங்களுள் மாநக்கவாரத்தைத் தேன் செறிந்த பொழில்களோடு கூட்டிச் சொல்கிறது. இவ்வடையாளத்தை ஏற்பதற்கு முன் காதையில் உள்ள ஓர் உவமையை நோக்க வேண்டும். நாகர் தலைவன் தன் பெண்ணோடு வீற்றிருந்த தோற்றத்திற்குப் புலவர் காட்டுவது பெண்கரடியோடு இருந்த கரடியை. அந்தமான் நிக்கோபார்க் காடுகளில் கரடி இல்லை, புலியும் இல்லை. அங்குள்ள யானைகளும் மரத்தொழிலுக்காகப் பெருநிலத்திலிருந்து கொணரப்பட்டவற்றின் வழி வந்தவையே. சாத்தனார் தீவைப் பாடும்போது தாம் அறிந்த குறிஞ்சி நிலத்தின் கருப்பொருளையே கைக்கொண்டார். உவமை கேட்போரின் நிலத்திலிருந்து எடுக்கப்படுவது இயல்பே எனலாம். ஆயினும் அம்மலைக்கே உரிய மரம், விலங்கு, கரை என எதுவும் தனித்துச் சுட்டப்படாமையும் உடன் எண்ணத்தக்கது. எனவே நாகர் மலை நிலப்படத்தில் தேடத்தக்க இடமன்று. காப்பிய அறத்தை ஆய்வதற்கு அமைத்த கற்பனை நிலம். வெண்ணிற எலும்புகளும் முடைநாறும் ஊனும் கள்ளும் அந்நிலத்தின் அடையாளங்களாயினமைக்கும் இதுவே காரணம். கொல்லாமையையும் கள்ளுண்ணாமையையும் வற்புறுத்தவந்த புலவர்க்கு அவற்றின் மறுதலை முழுவடிவில் தேவைப்பட்டது.

ஆயினும் அம்மறுதலைக்கும் அவர் வாய் தந்துள்ளார். மகளிரும் உண்டியும் இன்றேல் மாந்தர்க்கு இன்பம் வேறு உண்டோ எனத் தலைவன் கேட்கிறான். சாதுவன் அறம் கூறியபின், தமக்கு இயலும் அறம் எது எனவும் வினவுகிறான். அதன்பின் சாதுவன் தன் அறத்தைத் தளர்த்துகிறான்: கலம் கவிழ்ந்து உயிரோடு வருவோரைக் கொல்லாதிருங்கள், மூத்துத் தாமே இறக்கும் விலங்கின் ஊனை மட்டும் உண்ணுங்கள் என்கிறான். இது கட்டளையன்று, உடன்படிக்கை. தலைவனும் தன் பங்கிற்கு, முன்பெல்லாம் கலம் கவிழ்ந்து வந்தோரை உண்டதை ஒளியாது கூறி, அவர்தம் பொருள்களை அளிக்கிறான். அவ்விடத்தில் கலம் கவிழ்ந்தோரை அவன் ‘மாக்கள்’ என்னும் சொல்லால் சுட்டுகிறான்.

தொல்காப்பிய மரபியல் ஐயறிவுடையவற்றை மாக்கள் எனவும் ஆறறிவுடையோரை மக்கள் எனவும் பிரிப்பதை அறிவோம். காப்பிய வழக்கில் ‘மாக்கள்’ பொதுச்சொல்லாகவும் வருவதால் இவ்வொரு சொல்லின்மீது பெருஞ்சுமையை ஏற்றுதல் கூடாது. எனினும், கரையின் மறுபக்கம் நின்று நோக்கின் கடலில் மிதந்து வரும் நாமே மாக்கள் என்னும் குறிப்பை அவ்விடம் தடுக்கவில்லை என்றேனும் கூறலாம்.

நிழலும் நில்லாக் காடு

கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் காட்டும் காடு முழுக் கற்பனை. அது காளியின் காடு. பாலையின் வெம்மையை அதன் எல்லைக்கு அப்பாலும் கொண்டு செல்வது அவர் உத்தி. சுழலும் பருந்தின் நிழல் அக்காட்டை அஞ்சி விட்டோடும் நிழலை ஒத்தது என்றும், அங்கு நின்ற நிழல் என ஒன்று எவ்விடத்தும் இல்லை என்றும் பாடுகிறார். தேவர் நிலத்தில் அடிவையாமைக்கு அந்நிலத்தின் சூடே காரணம் என ஒரு தற்குறிப்பேற்றமும் உண்டு. இங்கு நிலமும் ஏதமும் ஒன்றே ஆகிவிடுகின்றன. மலைபடுகடாத்தில் போல ஏதத்திற்கு மாற்றுக் கூறப்படவில்லை. அது வழிச்செல்வோர் காடு அன்று.

இக்காட்டின் மாந்தர் பேய்கள். தோற்றத்தில் அச்சமும் நகையும் கலந்தவை. ஆனால் அவை பேசுகின்றன. தம் பசியைக் காளியிடம் முறையிடுகின்றன. கனவு கண்டு சொல்கின்றன. களத்தில் கூடிக் கூழ் அடுகின்றன. உறுப்புக் குறையுற்ற பேய்களைப் பாடும்போது அக்குறைகளுக்கு முன்நிகழ்ச்சிகள் சில காரணமாகக் காட்டப்படுகின்றன. அதாவது பேய்க்கும் வரலாறு உண்டு. இமயத்திலிருந்து மீண்ட முதுபேய் காளியின் அவையில் தான் கற்றவற்றையும் கேட்டவற்றையும் உரைக்கிறது. அச்சத்தின் உச்சமெனப் படைத்த கூட்டத்திற்கும் அவையும் நினைவும் மொழியும் தரும் மரபு தமிழில் இருந்தது என்பதற்குப் பரணி சான்று.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். பேய்களின் பேச்சு சோழனின் வெற்றியைப் பாடுதற்கு அமைந்த கருவிதானே எனலாம். உண்மை. கலிங்கர் நாடு எரிந்ததையும் களம் குருதியில் மிதந்ததையும் பேய்களின் மகிழ்ச்சி வழியே கேட்கிறோம். மொழி தருவது மட்டுமே நடுநிலை ஆகிவிடாது. இம்மறுப்பு பின்னும் தேவைப்படும்.

மொழி மறுக்கப்பட்ட தீவு

இனி அந்தமான் பற்றிய பிறமொழிச் செய்திகளை நோக்கலாம். கி.பி. 851-ஐச் சார்ந்த அரபு வணிகக் குறிப்புகள் அந்தமான் மக்களை மனித ஊனைப் பச்சையாக உண்போர் என்கின்றன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அவர்களுக்கு நாயின் தலையையே தந்துவிடுகிறார். ஆர்தர் கானன் டாயில் 1890-இல் எழுதிய ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ புதினத்தில் வரும் அந்தமானியன் ஊதுகுழலால் நச்சுமுள் எய்து கொல்கிறான். அந்தமானியர் வில்லும் அம்பும் ஏந்தியோர்; ஊதுகுழல் அவர்தம் கருவி அன்று. மனித ஊன் உண்டனர் என்பதற்கும் நம்பத்தக்க சான்று இல்லை. 1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்து 1922-இல் நூல் வெளியிட்ட ராட்கிளிஃப் பிரவுன் அவர்களிடையே கண்டது விரிவான சடங்குகளையும் தொன்மங்களையும்.

நாயின் தலை தருவது பேச்சைப் பறிப்பதாகும். நாய்த்தலை பேசாது, குரைக்கும். டாயிலின் பாத்திரமும் கதையில் தன் வாயால் எதனையும் சொல்வதில்லை. அவனைப் பற்றி ஒரு நிலநூற் குறிப்பு வாசிக்கப்படுகிறது, அவ்வளவே. எலும்பும் ஊனும் நிறைந்த நாகர் மலையை இவற்றோடு ஒப்பிட்டால், அச்சக் கூறுகளில் வேறுபாடு மிகுதியில்லை. மாந்தர் கூற்றில்தான் வேறுபாடு. சாத்தனாரின் நாகன் வினவுகிறான். பிறரின் தீவினன் தாக்கிவிட்டு மறைகிறான்.

‘ஜாரவா’ என்பதும் அம்மக்கள் தமக்கு இட்ட பெயரன்று. அண்டை மொழியான அக்கா-பியாவில் அயலார் என்னும் பொருளில் வழங்கிய சொல் அது. அவர்கள் தம்மை ‘ஆங்’ என்கின்றனர். மனிதர் என்பது பொருள். நாகர் என்பதைப் போலவே ஜாரவா என்பதும் கரைக்கு அப்பாலிருந்து இடப்பட்ட பெயர்.

வரலாற்றில் இரு சாதுவர்

மொழியே மீட்பு எனக் கூறி முடிப்பது எளிது. அந்தமான் வரலாறு அவ்வெளிமையை ஏற்க மறுக்கிறது. 1858-இல் இங்குக் கைதிகள் குடியிருப்பு அமைக்கப்பட்ட சில திங்களிலேயே துத்நாத் திவாரி என்னும் கைதி காட்டிற்குள் தப்பினார். அம்புபட்டுக் காயமுற்ற அவரை அந்தமானியர் ஏற்றுக்கொண்டனர். ஏறத்தாழ ஓராண்டு அவர்களுடன் வாழ்ந்தார்; மணந்தார்; அவர்தம் பேச்சைக் கற்றார். குடியிருப்பைத் தாக்க அவர்கள் திட்டமிட்டதை அறிந்ததும் ஓடிவந்து ஆங்கிலேயரிடம் உரைத்தார். 1859 மே 17-இல் நிகழ்ந்த அபர்தீன் போரில் அந்தமானியர் தோல்வியுற்றனர். திவாரிக்கு மன்னிப்புக் கிடைத்தது. சாதுவன் கற்ற மொழி கொலையை நிறுத்தியது. திவாரி கற்ற மொழி, அம்மொழி தந்தோரின் தோல்விக்குத் துணைநின்றது.

இரண்டாம் நிகழ்ச்சி 1996-ஐச் சார்ந்தது. கால் எலும்பு முறிந்து கிடந்த ஜாரவா இளைஞர் ஒருவர் போர்ட் பிளேருக்குக் கொணரப்பட்டுச் சில மாதங்கள் மருத்துவம் பெற்றுத் தம் மக்களிடம் திரும்பினார். 1997-இன் பிற்பகுதியில் ஜாரவாக்கள் வில்லின்றி ஊர்ப்பக்கம் வரத் தொடங்கினர். இங்குச் சாதுவன் இடத்தில் இருப்பவர் தீவினர். நாகர் இடத்தில் இருப்போர் நாம். நாம் அவரைக் கொல்லவில்லை, உண்மையில் காத்தோம். ஆயின் 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 1877-இல் பேரந்தமானியரை அழித்த நோயும் அதுவே. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பேரந்தமானியர் 44 பேர். ஓங்கியர் 101 பேர். ஜாரவாக்கள் 380 பேர். அக்கா-போ மொழியின் இறுதிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 சனவரியில் மறைந்தார். தம் மொழியில் பேச எவருமின்றிப் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர்.

ஏதம் எப்பக்கத்திலிருந்து எப்பக்கம் சென்றது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. கற்பனைக் காடுகளில் நாம் உண்ணப்படுவோமோ என அஞ்சினோம். மெய்யான காட்டில் தேய்ந்தவர்கள் அவர்கள்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு.

கண்டறிந்த காட்டைப் பாடும் மலைபடுகடாம் ஏதத்தை அந்நிலத்தார் வாழ்வோடு சேர்த்துக் காட்டுகிறது. ஒலியும் சொல்லும் அங்கு வழியாகின்றன. கற்பனைக் காடுகளில் ஏதம் பெருகினும், மணிமேகலையும் பரணியும் அங்குள்ளோர்க்கு மொழியை மறுக்கவில்லை. அந்தமான் பற்றிய பல அயற்செய்திகள் அதனை மறுத்தன. எனினும் மொழியறிவு தன்னளவில் அறமாகாது. சாதுவனைத் திவாரியினின்று பிரிப்பது, கற்ற மொழியைக்கொண்டு இருதரப்பும் ஏற்கும் உடன்பாட்டை அவன் நாடியமையே. அவனும் அறம் கூறவே வாய் திறந்தான். நாகர் அறத்தைக் கேட்டு அறிய முற்படவில்லை என்னும் குறை காப்பியத்தில் எஞ்சியே நிற்கிறது.

நாகர் மலையை அந்தமானோடோ நிக்கோபாரோடோ பொருத்திக் காட்டும் குறிப்புகளைப் பாடநூல்களில் எழுதுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அப்பொருத்தம் காப்பியத்திற்கு எதனையும் சேர்ப்பதில்லை. வாழும் மக்களுக்கோ அது தீங்கு செய்யவல்லது. ஏனெனில் அக்குறிப்பைப் படிக்கும் மாணவரில் சிலர் அந்நெடுஞ்சாலையில் ஊர்தியின் சாளரம் வழியே அவர்களைக் காண்பவர்கள்.

அம்மாணவிக்கு மறுநாள் கூறிய விடை இது: நாகர் ஜாரவாக்கள் அல்லர்; சாத்தனார் ஜாரவாக்களைக் கண்டவரும் அல்லர். ஆனால் அறியாத கரையில் ஒதுங்கும் ஒருவன் முதலில் கற்றிருக்க வேண்டியது அக்கரையின் மொழி என்று அவர் அறிந்திருந்தார். அவர் சற்று எண்ணிப் பார்த்துவிட்டு, “அவர்கள் மொழி இங்கே யாருக்குத் தெரியும், ஐயா?” என்று மீண்டும் கேட்டார். தமிழாய்வாளர் அனைவர் முன்னும் அவ்வினாவை வைத்து இக்கட்டுரை நிறைகிறது.